ஏழாம் கிளைக்குழாய்

ஜனவரி மாதத்தில்
ஏழாம் கிளைக்குழாயின் கணக்கு உதைத்தது,
முப்பது கிகாகலோரி.

உலான்பாத்தரிலிருந்து வந்திருந்த தணிக்கையாளர் பாட்ஜர்கல்
மூக்குக்கண்ணாடியின் பனியைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:
"நர்மந்தாக், வெப்பம் எங்கே போயிற்று?"
பட்டியிலிருந்து காணாமல் போன
ஆட்டைப் பற்றிக் கேட்பது போல.

எங்கும் போகாது, ஐயா,
போவதற்கு வேறு இடமில்லை என்றேன்.
இருபத்திரண்டு வருடமாக
அனல் நிலையத்தில் பேரேடு எழுதுகிறேன்.
உள்ளே வந்த கரி,
வெளியே போன வெந்நீர்,
ஆறித் திரும்பிய நீர்.
கூட்டினால் சரியாக வரும்.
வராவிட்டால் என் கூட்டல்தான் தப்பு,
உலகத்தின் கூட்டல் அல்ல.

"அப்படியானால் காட்டு" என்றார்.

மைனஸ் முப்பத்தாறு.
இமைகள் ஒட்டிக்கொண்டு பிரிந்தன.
ரயில் பாதையைத் தாண்டி
கூடார வீடுகளின் பக்கமாகக்
குழாயோடு நடந்தேன்.

நாற்பது அடி நீளத்துக்கு
யாரோ கண்ணாடிக் கம்பளியை உரித்துக்கொண்டு போயிருந்தார்கள்.
(யாருடைய கூரையில் இருக்கிறது என்றும் தெரியும்.
எழுதவில்லை.)
இரும்பு அம்மணமாகக் கிடந்தது.
அடியில் பனி இல்லை.
கறுப்பு ஈரமண்.
ஜனவரியில், டார்கானில்,
இரண்டு விரல் உயரப் புல்!
ஏழு நாய்கள், ஒன்றுக்கு வயிறு சரிந்திருந்தது.
குழாய்மேல் காயப்போட்ட
ஒரு ஜோடிக் குழந்தைக் காலுறை.
கரி இறக்கும் சோல்பாயர்
பூட்ஸைக் கழற்றித் தலைக்கு வைத்து
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

கையுறையைக் கழற்றினேன்.
தொட்டால் சுடும்.
ஒரு சாண் மேலே, இதம்.
ஒரு முழம் மேலே
யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலி.
அதற்கு மேல் நட்சத்திரங்கள்.

கண்டுபிடித்துவிட்டேன், ஐயா.
நாயின் வயிற்றில் கொஞ்சம்,
புல்லின் நுனியில் கொஞ்சம்,
மிச்சமெல்லாம் வானத்தில்.
ஒரு கலோரிகூடக் குறையவில்லை.
ஆனால் பொறுக்கிக்கொண்டு வர முடியாது.
வாரியெடுக்கப் போனால்
தொலைந்ததைவிட அதிகக் கரி எரியும்.

பாட்ஜர்கல் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்.
உப்பு இருக்கிறதா அதில் என்றேன்.
இருக்கிறது.
அந்தச் சிட்டிகையை எனக்குத் திருப்பித் தாருங்கள்.

சிரிக்கவில்லை.
'இழப்பு' என்று எழுதினார்.
அந்தக் கட்டத்தில் எழுத
வேறு சொல் அச்சாகவில்லையாம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை, கணக்கு வந்தது.
சூரியன் ஓர் ஒளித்துகள் தந்தால்
பூமி இருட்டுக்கு
ஏறக்குறைய இருபது துகள் திருப்பித் தருகிறது,
ஒவ்வொன்றும் இருபதில் ஒரு பங்கு சூட்டோடு.
இருபதாயிரம் துக்ரிக் தாளை வாங்கிக்கொண்டு
ஆயிரம் ஆயிரமாக இருபது தாள் கொடுப்பது போல.
தொகை அதேதான்.
பிடித்து வைப்பது ஒன்றுமில்லை.
அப்படியானால் நாம் எதில் பிழைக்கிறோம்?

மாற்றிக் கொடுக்கும் அந்த வேலையில்.
முழுத்தாள் சில்லறையாகும் நேரத்தில்
புல் முளைக்கிறது, நாய் சினைப்படுகிறது,
சோல்பாயர் குறட்டை விடுகிறான்,
நான் கூட்டல் போடுகிறேன்.
எல்லாம் சில்லறையான ஒரு நாளில்
ஐந்தொகை அச்சுப்பிசகாமல் நேராகும்,
பார்த்துக் கையெழுத்துப் போட
யாரும் இருக்கமாட்டார்கள்.

வியாழக்கிழமை பழுதுபார்க்கும் ஆட்கள் வந்தார்கள்.
எத்தனை அடி என்று கேட்டார்கள்.
முப்பத்தாறு என்றேன்.

பிப்ரவரிக் கணக்கும் உதைக்கும்,
மூன்று கிகாகலோரி.
என் கூட்டல் தப்பு என்று
எழுதிக்கொள்ளட்டும்.