பதினேழாவது போல்ட்

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப்பக்கம் மூணாவது வீடு.
மாட்டுக்கொட்டகை உத்தரத்தில்
வண்ணாமடையிலிருந்து வாடகைக்கு வந்த செயின் பிளாக்.
நாளுக்கு முந்நூறு. மணி நாலாகிவிட்டது.

கழற்றக் கழற்ற வாங்கி
இட்லித்தட்டுக் குழிகளில் போட்டுவந்தாள் மயிலாத்தாள்.
பதினாறு குழியும் நிறைந்ததும்
"கழிஞ்ஞு, வலிச்சோ" என்றான் ஷிபு.

இழுத்தோம்.
கரகரவென்று சங்கிலி இறங்க
எஞ்சின் எழுந்தது,
கூடவே வண்டியும்.
முன்சக்கரம் இரண்டும் தரைவிட்டு ஒரு சாண்.
உத்தரத்திலிருந்து ஒட்டடையும் ஒரு பல்லியும் விழுந்தன.
இறக்கு. டேய், இறக்கு.

டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
அவள்தான் அடியில் போனாள்.
கியர்பாக்ஸ் தலைமாட்டில்
பன்னிரண்டு வருஷத்துக் கிரீஸுக்குள்
இன்னும் விடாமல் ஒன்று.

பிறகு சுலபமாக வந்தது.
அந்தரத்தில் சொட்டிக்கொண்டே
ஒருதரம் பாலக்காட்டைப் பார்த்தது,
ஒருதரம் கோயமுத்தூரை.
இளநீர் லோடுக்கு மூக்கு தாழ்ந்தே நின்ற வண்டி
நாலு விரற்கடை நிமிர்ந்து,
இப்போதே கிளம்புவதுபோல.

தவணை எட்டு பாக்கி.
அதை யாரும் எடுக்கவில்லை.
கிழிந்த பேனரால் எஞ்சினைப் போர்த்திவிட்டு
ஷிபு பஸ்ஸுக்கு ஓடினான்.

ராத்திரி சோற்றுக்குக் குனிந்தபோது
மயிலாத்தாளின் முந்தானை
தட்டில் 'ணங்'கென்று இடித்தது.