பொருத்தமற்றதைக் கீறிவிடுக

படிவத்தின் கடைசி வரி இப்படி:
பரிந்துரை செய்கிறேன் / செய்யவில்லை.
பொருத்தமற்றதைக் கீறிவிடுக.

மவுசாக்கலைத் தண்ணீருக்கு மேலே புல்லுமலை.
தோட்டக் கணக்கில் அது வெறும் நிலம்.
தேயிலை நிற்காது, அடியில் கல்.
மனிதர் நிற்கலாமா என்று பார்த்துவர
என்னை அனுப்பியது சபை,
டேப் ஒன்றும் சரிவுமானி ஒன்றும் தந்து,
பஸ் காசு பிறகு தருவதாகச் சொல்லி.

ஏழு பேர்ச்.
விண்ணப்பதாரி செபஸ்தியன் யூஜின், தற்போது கட்டாரில்.
மனைவி கலாராணி முளைகள் அடித்து
உரமூட்டை பிரித்த நூலை இழுத்துக் கட்டியிருந்தாள்.
நூலைத் தாண்ட விடவில்லை.
இல்லாத வாசலால் சுற்றி
உள்ளே கூட்டிப் போனாள்.
"இது குசினி, மிஸ். இங்க நின்னா தண்ணி தெரியும்."

தெரிந்தது.
எதிர்க்கரை வரை ஒரு கூரை இல்லை, ஒரு கம்பம் இல்லை.
கல்லில் ஒரு நீர்க்காகம்
சிறகை விரித்துக் காயவைத்தபடி,
யாரிடமும் அனுமதி கேட்காமல்.

சரிவு முப்பத்தொரு பாகை.
மேலே புல்லுக்குள் ஓர் ஊற்று,
காலில் பட்ட பிறகுதான் கண்ணில் பட்டது.
ஒரு வீடு ஒரு வீடாய் நிற்காது
என்பது என் பதினாறு வருஷ உத்தியோகம்.
அதற்கொரு பாதை வேண்டும், பாதைக்கொரு வெட்டு,
வெட்டுக்கொரு சுவர்,
பிறகு கரண்டுக் கம்பம்.
கம்பத்தைப் பார்த்து மச்சான் வருவான்,
மச்சானைப் பார்த்துக் கொழும்பிலிருந்து
ஒரு ஹோட்டல்காரர்.
நீர்க்காகம் வேறு கல்லுக்குப் போகும்,
வேறு கல் இருக்கும் வரை.

"மழையில ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்றேன்."
"அப்படியே எங்க காம்பராவுக்கும் வாங்க, மிஸ்.
மழையிலயே வாங்க,"
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆனிக் கடைசியில் போனேன்.
பத்துக்குப் பன்னிரண்டு. ஏழு பேர்.
ஒழுகும் இடமெல்லாம் அவளுக்கு மனப்பாடம்:
இங்கே வாளி, இங்கே தாச்சி,
இங்கே சின்னவனின் சாப்பாட்டுப் பெட்டி.
மூத்தவள் கட்டிலுக்கடியில் டோர்ச் அடித்துப்
புவியியல் படித்துக்கொண்டிருந்தாள்.
என்ன பாடமென்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு புல்லுமலை.
ஊற்று அவளுடைய குசினிக்குள்ளே ஓடியது,
முளைகளை ஒவ்வொன்றாய் விசாரித்துக்கொண்டு.

திரும்பும் வழியில் ஆறாம் நம்பர் மலை.
ரோட்டோரம், ஒன்பதோ பத்தோ பாகை, கல் கிடையாது,
கருவி எடுக்கவே தேவையில்லாத நிலம்.
அங்கே வீடு கேட்டு
ஒரு கோப்பும் என் மேசைக்கு வந்ததில்லை.
அங்கே செடி குடியிருக்கிறது,
நூற்றுச் சொச்சம் வருஷமாய்,
கவ்வாத்து, உரம், கணக்குப்பிள்ளை சகிதம்.

அன்றிரவு இரண்டையும் கீறாமல்
ஓரத்தில் எழுதினேன்:
இவ்விடம் ஆகாது. ஆறாம் நம்பரில்
ஏழு பேர்ச் தேயிலையைப் பிடுங்கிக் கொடுக்கலாம்.

ஒன்பதே நாளில் திரும்பியது கோப்பு.
எங்கள் கந்தோரில் எதுவும் இத்தனை வேகமாய் நடந்ததில்லை.
சிவப்பு மையில்: குறிப்பு விடயத்துக்குப் புறம்பானது.
இரண்டில் ஒன்று மட்டும்.

கீறினேன்.
புல்லைக் காப்பாற்றினேன். தண்ணீரைக் காப்பாற்றினேன்.
ஏழு பேரையும் மண்ணிடமிருந்து காப்பாற்றி
அதே காம்பராவில் வைத்தேன்.

ஆவணியில் ஒரு பின்னேரம் கலாராணி அழைத்தாள்.
ஏசுவாள் என்று போனைக் காதிலிருந்து
கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.
"மிஸ், அந்த முளையில ஒண்ணு
பச்சை முள்முருங்கைக் கம்பு.
முளைச்சிருச்சு. குசினி மூலையில."

அவள் பக்கத்துத் தகரத்தில்
மழை விழுவது எனக்குக் கேட்டது.

"அதைப் புடுங்கிரணுமா, மிஸ்?"