கரகரப்பு

பதினேழாவது டேக்கிலும்
'இரக்கம்' என்ற சொல்லின் மேல்
ஒரு பிடி மணல் விழுந்தது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னேன்:
தொண்டையில சளியாக்கும், ஆவி பிடி.
பெல்சிட்டா என்னிடம் மன்னிப்பு கேட்டாள்.
குறும்பனைத் திருவிழாவுக்கு
இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது.

ஐஸ்கிரீமை நிறுத்தினாள்.
புளி விட்ட மீன்குழம்பை நிறுத்தினாள்.
கருங்கல்லில் டாக்டரைப் பார்த்தாள்,
டார்ச் அடித்துப் பார்த்து
ஒன்றுமில்லை என்றவரை நம்பாமல்
மாத்திரை எழுதி வாங்கினாள்.
சுக்கு வாசனையோடு வந்து மைக் முன் நின்றாள்.
அதே சொல். அதே மணல்.

அந்தச் சொல்லில் அவள் குரல் ஏறும்.
சிவப்பு விளக்கு எரியாமலிருக்க
நான் கெயினை இறக்குவேன்.
இரண்டும் ஒரே கணத்தில் நடக்கிறது என்று
எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஒரு ராத்திரி, யாருமில்லை.
முட்டை அட்டை ஒட்டிய மாடி அறையில்
சும்மா அந்தத் திருகைத் திருப்பினேன்:
கர்ர்ர்.
அறையில் இருந்தது ஒரே ஒரு தொண்டை.
அது வாயே திறக்கவில்லை.

அப்புறம் கடலைப் பிடித்துக்கொண்டேன்.
இருநூறு அடியில் கிடக்கிறது.
பூட்டைத் தின்றது, ஜன்னல் கம்பியைத் தின்றது,
கெயினை விட்டுவைக்குமா?
பதினொரு ஸ்குரூ. இரண்டு துருப்பிடித்து
தலை மழுங்கி அழுதன.
கண்ட்ரோலின் பக்கவாட்டுச் சிறு துளையில்
கிளீனர் ஸ்பிரே ஒரு பொட்டு,
இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை
நாற்பது தடவை திருப்பு.
விரலில் நகப்பூச்சு அழிக்கும் வாசனை.
வெள்ளி நன்றாக இருந்தது.
சனி நன்றாக இருந்தது.
ஞாயிறு பூசை முடிந்து வந்தால்
மணல்.

நாகர்கோவிலில் தாணுமாலயன்
மூடியைக்கூடத் திறக்காமல் கேட்டார்:
மைக்குக்கு நாப்பத்தெட்டு வோல்ட் போட்டாத்தான் இரையுமா,
அணச்சாலும் இரையுமா?
நான் பார்த்ததில்லை.
அவர் அணைத்தார். திருப்பினார்.
நெய்யில் போவதுபோல் போயிற்று.
போட்டார். திருப்பினார். மணல்.
'கண்ட்ரோலு நல்ல கண்ட்ரோலாக்கும்.
முன்னால காவலுக்கு நிக்கிய கெப்பாசிட்டர் ஒழுகுது.
வரக்கூடாத கரண்ட் கொஞ்சம் உள்ள வருது.
நீ திருகும்போ அது கெடந்து கத்துது.'

பூஜ்யம் காட்டவேண்டிய மீட்டர்
புள்ளி மூன்று காட்டியது.
ஒன்று போனால் ஜோடியாக மாற்றவேண்டுமாம்.
இரண்டுக்கும் பன்னிரண்டு ரூபாய்.
பற்றவைக்க அறுபது.
ஈயப்புகைக்குள் முகம் காட்டாமல்
மீதிச் சில்லறையை நீட்டினார்.

பஸ்ஸில் மடியில் மிக்சர்.
மண்டைக்காடு தாண்டியதும்
ஜன்னல் வழியே கடல் தெரிந்தது.
அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நாலாவது ரிங்கில் எடுத்தாள்.
துணிக்கடை. பின்னால் யாரோ
லைனிங் எத்தனை மீட்டர் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
சொன்னேன். முழுதும் சொன்னேன்.
சளி என்று சொன்னது நான்தான் என்பதையும்
அவளே மறந்திருக்கலாம் என்று நம்பி, சேர்த்துச் சொன்னேன்.

கத்தரிக்கோல் ஒரு துணியை
முழுநீளத்துக்குக் கிழித்து ஓய்ந்தது.
அப்புறம் குரல் வந்தது:
'டாக்டருக்கு முந்நூறு.
மாத்திரை நூத்தியெண்பது.
ஆட்டோ போக வர எழுபது.
ஐஸ்கிரீமு பத்தொம்பது நாளு,
அதுக்கு நீயே கணக்குப் போடு.'

ஐந்நூற்றைம்பதை உடனே அனுப்பினேன்.
மற்றதற்கு இன்னும் கணக்கு தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தாள்.
உதட்டோரம் சாக்லேட் நிறத்தில் ஒரு கோடு.
பாடினாள். குரல் ஏறியது. நான் இறக்கினேன்.
'இரக்கம்'
கழுவிவைத்த தட்டுபோல் வந்து நின்றது.

அடுத்த வரியில்
கர் என்று ஒன்று.
என் கை தானாகத் திருகுக்குப் போனது.

'அத விடு,' என்றாள் செருமிக்கொண்டே,
'இது எனக்க தொண்டையாக்கும்.'