இதற்கு முந்தைய நகர்த்தல்

மோல்மீனில், குடிவரவு அலுவலகத்துக்கு எதிரே
என் நகலெடுக்கும் கடை.
யார் யாருடைய தாத்தாக்களோ
கண்ணாடிமேல் குப்புறப் படுத்து
கொஞ்சம் வெளிச்சம் வாங்கிக்கொண்டு
எழுந்து போகிறார்கள்.

மின்சாரம் போன மதியங்களில்
கோ தான் நைங் சதுரங்கப் பலகையோடு வருவான்.
நாங்கள் ஆடுவதில்லை.
பாதி ஆடியதுபோல் காய்களை நிறுத்திவிட்டுக் கேட்பான்:
இதற்கு முன் என்ன நடந்தது?

நேற்று அவன் வைத்தது.
வெள்ளையில் பி காலாளும் டி காலாளும்
பிறந்த கட்டத்தை விட்டு அசையவே இல்லை.
இருவருக்கும் பின்னால், நடுவில், சி ஒன்று.
அங்கே பிறந்த மந்திரிக்கு
இரண்டு வாசலும் அடைப்பு.
குதிரை உள்ளே குதித்து வெட்டியிருக்கும்,
வீட்டுக்குள்ளேயே செத்திருப்பான்.
ஆனால் ஜி ஐந்தில்
அதே கறுப்புக் கட்டத்து வெள்ளை மந்திரி ஒருவன்
சாவகாசமாக வெயில் காய்கிறான்.

வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து சொன்னேன்:
இவன் மந்திரியாகப் பிறந்தவனில்லை.
கடைசி வரிசைவரை நடந்தே போய்
அங்கே பெயர் மாற்றிக்கொண்ட காலாள்.
எண்ணிப் பார், ஏழு பேர்தான் மிச்சம்.

"ராணியே ஆகியிருக்கலாமே?"

அது பலகையில் எழுதியிருக்காது, தான் நைங்.
மாசிலாமணி என்று கப்பலேறி
அரிசி ஆலையில் மூட்டை தூக்கி
ஊ மாங் சேன் என்று கணக்கெழுதிய என் பூட்டன்
ஏன் ஆலை முதலாளி ஆகவில்லை என்றும்
எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இந்தப் புதிர்களுக்கு இரண்டு வழக்கம் உண்டு.
கோட்டை கட்டலாம்,
ராஜா முன்பே நகர்ந்தவன் என்று நிரூபணமாகாதவரை.
போகிறபோக்கில் வெட்டக்கூடாது,
அந்தக் காலாள் இப்போதுதான் இரண்டு கட்டம் தாண்டினான் என்று
நீ நிரூபிக்காதவரை.
ஒன்றில் சந்தேகம் உன் பக்கம்.
மற்றதில் சந்தேகம்தான் தீர்ப்பு.

எதிர்க் கட்டிடத்தில் கேட்பது
ஆயிரத்தெண்ணூற்று இருபத்துமூன்றுக்கு முன்னால்
உன் ஆட்கள் எந்தக் கட்டத்தில் நின்றார்கள் என்று.
அங்கே எந்த வழக்கம், நீங்களே சொல்லுங்கள்.

இன்று காலை வடிவாம்பாள் வந்தாள்,
விண்ணப்பத்தில் மா கின் சான்.
"மூணு காப்பி போதுமா?"
நெகிழி உறைக்குள் அவள் தாத்தாவின் ஒரே தாள்.
கறையான் ஓரம் தின்றது போக
முத்திரை மட்டும் முழுசாக இருந்தது:
அந்நியர் பதிவுச் சான்று.

பொத்தானில் வைத்த விரலை எடுத்தேன்.
அம்மா, இதை உள்ளே கொடுக்காதீர்கள்.
ராஜா நகர்ந்ததற்கு
நீங்களே சாட்சி கொண்டுபோகிறீர்கள்.

அவளுக்குச் சதுரங்கம் தெரியாது.
என்னை வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு தாளை நாலாக மடித்து
குடைக்குள் செருகிக்கொண்டு
படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.
உள்ளே போகவில்லை. காசும் நான் வாங்கவில்லை.

சரியா செய்தேன்?
என் அப்பாவின் அதே தாள்
மைப்பொடி டப்பாக்களுக்கு அடியில் கிடக்கிறது.
எனக்கு அதை ஒருநாளும் நகலெடுத்ததில்லை.

கண்ணாடிமேல்
கறையான் உதிர்த்த மண், ஒரு கோடாக.
துடைக்கவில்லை.
மதியம் தான் நைங் வருவான்,
குனிந்து பார்ப்பான், கேட்பான்.