இருநூற்றைம்பது சொல்லுக்குள்

அசோக் நகர் பதினோராவது அவென்யூவில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில்
அடுத்தவர் வாழ்க்கையைச் சுருக்கித் தருகிறேன்.
கட்டுரைக்கு மூவாயிரம்.
அவசரமென்றால் நாலரை.

அக்டோபரில் கூட்டம் அதிகம்.
ஷூவைக் கழற்றவா வேண்டாமா என்று வாசலில் தயங்குகிறவர்கள்
"நான் ஒரு பிறவித் தலைவன்" என்று
முதல் வரி எழுதிக்கொண்டு வருவார்கள்.
கல்லூரி விழாவுக்கு ஸ்பான்சர் பிடித்தது தலைமை.
மெரினாவில் ஒரு ஞாயிறு பிளாஸ்டிக் பொறுக்கியது
சமூக அக்கறை. கையுறையோடு புகைப்படம் உண்டு.
தோல்வி என்ற கட்டத்தில்தான் எல்லோருக்கும் வியர்க்கும்.
"அதிகமா உழைச்சிடறேன் மேடம்,
அதான் என் பலவீனம்."
மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைப்பேன்.

ஜெரூஷா ராயபுரத்திலிருந்து வந்தாள்.
மாதவரம் கிடங்கில் இரவு ஷிஃப்டு மேற்பார்வை,
கண்ணுக்குக் கீழே அது தெரிந்தது.
எக்செல்லில் அவள் போட்ட ஒரு சூத்திரம்
லாரி நிற்கும் நேரத்தைப் பதினோரு சதவீதம் குறைத்ததாம்.
லேமினேட் செய்த பாராட்டுச் சான்றிதழ்
பையிலிருந்து வந்தது.
"போதும்மா, தலைமைக் கட்டத்துக்கு இதுவே" என்றேன்.
அவள் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பதினோரு சதவீதம் எங்கிருந்து வந்துச்சுன்னு
நீங்க கேக்கவேயில்லயே?"

ஏற்றி இறக்குகிறவர்களின் டீ நேரம்.
பதினைந்து நிமிடம், எட்டாகிவிட்டது.
யாரும் சண்டை போடவில்லை.
ஏகாம்பரம் மட்டும் ஒருநாள் விடிகாலை மூன்றே காலுக்குப்
பாதி குடித்த கிளாஸை அவள் மேஜைமேல் வைத்துவிட்டு
லாரிக்குத் திரும்பிப் போயிருக்கிறார்.
ஒரு வார்த்தை இல்லை.

"ஆடை படியற வரைக்கும் அதையே பாத்துட்டிருந்தேன்.
சொல்லுங்க, இது எந்தக் கட்டத்துல வரும்?"

பன்னிரண்டு வருடத் தொழில்.
'தன்னை அறிதல்' என்று கையேட்டில் அச்சடித்திருக்கிறேன்,
மூன்றாம் பக்கம், தடித்த எழுத்தில்.
அதை யாரும் இப்படித் தூக்கிக்கொண்டு படியேறி வந்ததில்லை.

"ஏழு நிமிஷத்தத் திருப்பிக் கொடுத்தியா?"
"கேட்டிருக்கேன். மெயில் போட்டு மூணு வாரமாச்சு."
"அப்ப முடிவு?"
"முடிவு இல்ல மேடம்."

முடிவில்லாத கட்டுரையை எந்தத் தேர்வுக் குழுவும்
என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

முந்நூற்றுப் பத்து சொல். அறுபதை வெட்ட வேண்டும்.
பழகிய கை முதலில் கிளாஸை எடுத்தது,
பிறகு ஏகாம்பரத்தின் பெயரை.
மிச்சம் பளபளவென்று இருந்தது,
யாருடையதாகவும் இருக்கலாம்.
அவள் பென்சிலை வாங்கி
இரண்டையும் திரும்ப எழுதினாள்.
'பதினோரு சதவீத'த்தை அடித்தாள்.

மூவாயிரத்தை எண்ணிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்,
வாடகை அஞ்சாம் தேதி.

என் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே
கிடைத்தது, கிடைக்கவில்லை என்று எழுத இடமுண்டு.
அவளுக்கு நேரே காலி.
கையேட்டில் மட்டும்
மூன்றாம் பக்கத்தை இந்த முறை உருவிவிட்டுக் கொடுத்தேன்.
கீழே ஜெராக்ஸ் பையன் கேட்டான்,
"ரெண்டுக்கு அப்புறம் நாலாக்கா?"
"ஆமாம்" என்றேன்.