பெயர் தேவையில்லை

ஆண்டுக்கொரு முறை வருகிறது அந்தப் படிவம்.
பெயர் தேவையில்லை, மனம் திறந்து எழுதுங்கள் என்கிறது.
அடுத்த வரியிலேயே கேட்கிறது:
எந்த ஊர்?
பட்டியலை இறக்கினால்
கிராக்கோ, நைரோபி, பெங்களூரு, லிஸ்பன்,
கடைசியில், உருட்டினால் மட்டும் தெரிகிற இடத்தில்
திங்கள்சந்தை.
பெங்களூரில் இருபத்து மூன்று பேர்.
திங்கள்சந்தையில் நான் ஒருத்திதான்.

சேர்ந்த புதிதில் மத்தேயுஷ் கேட்டான்,
ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று.
திங்கட்கிழமை கூடும் சந்தை என்றேன்.
நாமும் திங்கட்கிழமைதானே கூடுகிறோம் என்று சிரித்தான்.
அன்றிலிருந்து வாரக் கூட்டத்துக்கு அதுவே பெயர்.
பதினேழு சதுரங்களில் பதினேழு வாய்
சந்தே, சந்தே என்னும்.

பணிச்சூழல் எப்படி, ஒன்று முதல் ஐந்துக்குள்?

மாடிப்படிக்குக் கீழே மேசை.
கால்மாட்டில் இன்வெர்ட்டர் உறுமும்.
பின்பக்கத்து வீட்டு எட்வின்சாம் ரப்பர் ஷீட் காயப்போடுவார்,
அந்த வாடை கேமராவில் தெரியாது.
மீன் வண்டிதான் காட்டிக்கொடுக்கும்.
சாளை, சாளை, குளச்சல் சாளை என்று
ஒலிபெருக்கி வளைவில் திரும்பும்போது
என் வாயை மூடினால்தான் அதன் வாய் மூடும்.
ஒருநாள் மறந்துபோனேன்.
நான்கு நாடுகளுக்கும் விலை தெரிந்துவிட்டது,
கிலோ நூற்று நாற்பது.
நான்கு போடுகிறேன்.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே எல்லை இருக்கிறதா?

இருக்கிறது. பூப்போட்ட திரைச்சீலை.
அந்தப் பக்கம் ஜெர்வின் ஏழாம் வாய்ப்பாடு.
இந்தப் பக்கம் விழுந்து கிடக்கும் ஒரு சர்வர்.
"அவ சும்ம வீட்டுலதான இருக்கா" என்பார் மாமியார்,
மாமோதீசாவுக்கு அழைக்க வந்தவர்களிடம்.
வீட்டுக்கடன் கேட்டுப் போனபோது
சம்பளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மேலாளர்.
"ஆபீஸ் எங்கம்மா?"
கையால் காட்ட ஒரு திசை கிடைக்கவில்லை.

இதையும் சொல்லவேண்டும்.
சென்னையில் ஆறு வருடம், ஒரு மதியம்கூட
சோறு சூடாய்த் தின்றதில்லை.
இப்போது பன்னிரண்டே முக்காலுக்கு
மரச்சீனியும் மீன்குழம்பும், சட்டியிலிருந்து நேரே தட்டுக்கு.
மாதம் முதல் தேதி, விடியுமுன்பே சம்பளம்.
அதனால்தான் குறை சொல்லப் போகும்போதெல்லாம்
நாக்கு கொஞ்சம் தயங்குகிறது.

பதினொன்றாம் கேள்வி:
உடன் பணிபுரிகிறவர்களோடு நெருக்கம் உண்டா?

வாஞ்சிருவும் நானும் இரண்டு வருடம்
ஒரே கோப்பில் எழுதினோம்.
அவள் நீலக்கோடு, நான் மஞ்சள்.
ஒரே அடுப்பங்கரையில் இரண்டு பேர்
இடித்துக்கொள்ளாமல் வேலை செய்வதுபோல
ஒருவருக்கொருவர் விலகி விலகி ஓடுவோம்.
மார்ச்சில் ஒரு புதன்கிழமை
அவள் பெயரருகே பச்சைப்புள்ளி சாம்பலாயிற்று.
கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன்.
எங்கள் இரண்டு ஊருக்கும் அது பழக்கம்.
சாயங்காலம் மின்னஞ்சல்:
பதினான்கு பேருக்கு நன்றி, வாழ்த்துகள்.
அவள் கோடு நின்ற இடத்தில்
பாதி வாக்கியம் இருந்தது.
கேதம் விசாரிக்க வாசல் இல்லை.
போய் உட்கார ஒரு பெஞ்சு இல்லை.
மீதி வாக்கியத்தை நானே முடித்துவைத்தேன்.
ஏழு நிமிடம் ஆனது.

வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால், என்கிறது கடைசிக் கட்டம்.
எழுதினேன். அழித்தேன்.
எழுதுகிறவள் யாரென்று ஊர் சொல்லிவிடுமே.
பட்டியலில் மறுபடி மேலே போனேன்.
நைரோபி.
அங்கே இப்போது நம் ஆள் யாருமில்லை.
எடுத்துவிட மறந்திருக்கிறார்கள்.

அந்த ஊரைத் தொட்டேன்.
பிறகு நிற்காமல் எழுதினேன்,
தமிழில் யோசித்து, இங்கிலீஷில் பிழையோடு.

அடுத்த திங்கள், சந்தை.
பதினைந்து சதுரங்கள்.
எல்லாம் நன்றாக இருக்கிறது என்றான் மத்தேயுஷ்,
சராசரி நான்கு புள்ளி ஒன்று.
ஒரு பதில் மட்டும் நைரோபியிலிருந்து வந்திருக்கிறது,
ஏதோ கோளாறு.
யாரும் பேசவில்லை.
அவன் என்னைப் பார்த்தானா, திரையைப் பார்த்தானா,
சதுரத்துக்குள் இருக்கும் கண்ணுக்குத் திசை கிடையாது.

வளைவில் சாளை வண்டி திரும்புகிற சத்தம்.
மைக்கை மூடக் கை போயிற்று.
போன கை அங்கேயே நின்றது.