அரைக்கை

டெல்பின் அனுப்பிய வீடியோவில்
அயனாவரம் மைதானம், மூன்றாம் கால்பகுதி.
சாம்பல் சட்டையில் ஒருத்தி
எதையோ தொலைத்துவிட்டவள்போல்
தரையைப் பார்த்தே ஓடுகிறாள்.
நான்தான்.

விசில் ஊதுகிறாள். கை
காதுவரை போய் நின்றுவிடுகிறது.
29சி-க்கு அப்படிக் கை காட்டினால்
டிரைவர் பார்க்காததுபோலப் போய்விடுவார்.
ஆட்டமும் போய்விட்டது,
இரண்டு தப்படி, ஒரு கூடை.
"ஃபவுலா, இல்லையா, சொல்லுங்க மேடம்" என்று
ஒரு கோச் கை விரித்தது மட்டும்
துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

பதினெட்டு வருடம் மின்வாரிய வசூல் கவுண்டரில்
கண்ணாடியின் அரைவட்ட ஓட்டைக்குக்
குனிந்து குனிந்தே காது கொடுத்தவள்.
அதற்கும் முன்னால், என் ஐந்தடி பத்தை
வரன் கேட்டு வந்தவர்களிடம்
ஐந்தடி எட்டு என்றார்கள் வீட்டில்.
முதுகு அதை மெய்யாக்கப் பார்த்தது.

விடிகாலை ஐந்து மணி, மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கம்பிக்கும் நடுவில்
பதினோரு எட்டு.
பக்கவாட்டில் போகிறேன், கால் பின்னாமல்.
பின்பக்கமாக ஓடுகிறேன், குதிகால் ஊன்றாமல்.
டிஷ் ஆன்டெனாவில் இரண்டு முறை இடித்தாயிற்று.
யாருடைய லுங்கியோ காற்றில் என்மேல் சாய
அதற்கு ஒரு ஃபவுல் கொடுத்தேன்:
முஷ்டி மூடி, கை நேராக,
புஜம் காதை உரச.
மூன்றாம் மாடி சம்பூர்ணம் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல்
துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

பெரம்பூரிலிருந்து பேசின் பிரிட்ஜ்வரை
ரயிலில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறேன்.
தோளகலத்துக்குக் கால், எடை முன்பாதத்தில்.
"உக்காருங்கக்கா, இடமிருக்கு" என்றாள்
கழுத்தில் காலேஜ் அட்டை தொங்கிய ஒருத்தி.

விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம்,
உடம்புக்குத்தான் தெரியாது.
பந்தைப் பார்க்காதே,
இரண்டு உடம்புக்கு நடுவில் தெரியும்
வெளிச்சத்தைப் பார் என்பார்கள்.
குனிந்தவளுக்கு முதுகுகள் தெரியும்,
சட்டை எண்கள் தெரியும்.
வெளிச்சத்துக்கு
இரண்டு எட்டு தள்ளி வரவேண்டும்,
நெஞ்சைத் திறந்து, முட்டியை இளக்கி,
இருக்கிற உயரத்தையெல்லாம் செலவழித்து.

நேற்று பெரியார் நகரில் அரையிறுதி.
ஒரு ஃபிளட்லைட் எரியவில்லை.
எரிந்ததைச் சுற்றி ஈசல்.
கடைசி நிமிடம், ஐம்பத்தொன்றுக்கு ஐம்பது.
ஏழாம் எண் பெண் லே-அப்புக்கு எழும்பியபோது
நான் ஏற்கெனவே எண்ட்லைனில் இருந்தேன்,
எப்போது வந்தேன் என்று தெரியாமல்.
அடிக்க வந்த கைக்கும்
அவள் மணிக்கட்டுக்கும் நடுவில்
ஒரு விரற்கடை வெளிச்சம்.

வேலிக்கம்பியைப் பிடித்து நின்ற கூட்டம்
ஒரே குரலில் விசில் கேட்டது.
நான் ஊதவில்லை.
இத்தனை நாள் பழக்கிய கை
பேசாமல் தொங்க,
ஐந்தடி பத்தாக நின்றேன்.

"அதை விட்டுட்டியே?" என்றாள் டெல்பின், தண்ணீர் குடித்தபடி.
"படலை."
வீடியோ எடுத்திருக்கிறாளாம்.
இன்னும் பார்க்கவில்லை.

இன்று காலை கவுண்டரில் ஒரு பெரியவர்
ரசீதில் பெயர் தப்பு என்றார்.
நிமிர்ந்தே இருந்தேன்,
சரியாகக் காதில் விழவில்லை.
இரண்டாம் முறை குனிந்தேன்,
இடுப்பிலிருந்து.